வேனில் விருந்து

தேர்வு முடிந்து விடுதியறையைப் பூட்டும் நாளில் மாணவர் உள்ளத்தே எழும் எண்ணங்கள் இரண்டு. இனிச் சில கிழமைகளுக்கு நூல்களைத் தொடவேண்டுவதில்லை என்பது ஒன்று. இனி நாள்தோறும் வீட்டுச் சோறு என்பது மற்றொன்று. முன்னதைப்பற்றிக் கூறத்தக்கன உளவேல் அவற்றை எம் ஆசிரியப் பெருமக்களே கூறுவாராக. பின்னதைப்பற்றியே யாம் ஈண்டுச் சில கூறப் புகுந்தோம். உணவும் ஒரு பொருளோ, கல்லூரி மலரில் அதற்கும் இடமுண்டோ என்று வினவுவார்க்கு யாம் கூறும் விடை இது: நாள்தோறும் மும்முறை செய்யும் செயலொன்றைப்பற்றி வாழ்நாளில் ஒருமுறையேனும் நின்று எண்ணிப் பார்த்தல் கற்றவர்க்குக் கடனாம்.

வீட்டுச் சோற்றை நினைந்து வாயூறும் நாம், அச்சோறு எத்திங்களில், எவ்வேளையில், எவர் கையால் ஆக்கப்படுகின்றது என்பதை நினைப்பதில்லை. நாம் வீடு சேரும் காலமோ வேனிற்காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்றும், ஆனியும் ஆடியும் முதுவேனில் என்றும் நம் முன்னோர் பகுத்தனர். பெயரளவில் இளையதாயினும் வெம்மையில் இளவேனிலே மூத்தது. மே திங்கள் 4ஆம் நாளளவில் தொடங்கி 28ஆம் நாளளவில் முடியும் கத்திரி வெயில் அதனுள்ளே அடங்குவது. அந்நாள்களில் வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டுதல் நம் நாட்டு ஊர்கள் பலவற்றிற்குப் புதிதன்று. அதுவும் நிழலில் வைத்து அளந்த கணக்கே. அடுப்பின்முன் நின்று அளந்தார் யார்?

எம் கருத்தை முதற்கண்ணே வெளிப்படக் கூறிவிடுகின்றோம். வேனிற்காலத்து நண்பகலுணவு தீக் குறைந்ததாய், கலம் குறைந்ததாய், அழகு மட்டும் குறையாததாய் இருத்தல் வேண்டும். அதனினும் சிறப்பாக, அதன் எளிமை உண்பார்க்கு எளிமையாய் நின்றுவிடாது ஆக்குவார்க்கும் எளிமையாதல் வேண்டும். உண்பவனுக்கு எவ்வுணவும் எளிதே. எட்டுவகைக் கறியாயினும் இலைமுன் அமர்ந்தவன் செய்யவேண்டுவது கையை நீட்டுதல் ஒன்றே. ஆகலின் ஓர் உணவு எளிதோ அரிதோ என்பதை உண்டவனைக் கேட்டறிதல் பொருந்தாது. ஆக்கியவரைக் கேட்டே அறிதல் வேண்டும்.

இவ்வுண்மையை யாம் நூல்வழி உணர்ந்தோமல்லோம். எம் இல்லத்திலேயே உணர்ந்தோம். சென்ற ஆண்டு வேனில் விடுமுறையில் விடுதித் தோழர் மூவரை எம் ஊருக்கு அழைத்துச் சென்றோம். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டின் ஓரத்தே, செம்மணலும் பனையும் சூழ்ந்த சிற்றூர் அது. முன்னறிவிப்பு ஒன்றுமின்றி அழைத்துச் சென்றதில் எமக்கு ஒருவகைப் பெருமிதமும் இருந்தது. எத்தனைபேர் வரினும் எம் அன்னையார் முகங்கோணார் என்று தோழரிடம் சொல்லியிருந்தோம்.

மறுநாள் வைகறை 4 மணிக்கே அடுக்களையில் விளக்கெரிந்தது. நண்பகல் 1 மணிக்கு இலை போட்டபோது அதில் மீன்குழம்பும், பருப்பும், இரசமும், அவியலும், இருவகைப் பொரியலும், அப்பளமும், பாயசமும் நிறைந்திருந்தன. உண்டோம், புகழ்ந்தோம், திண்ணையிற் சாய்ந்து உறங்கினோம். 3 மணியளவில் நீர்வேட்கையால் எழுந்து பின்கட்டிற்குச் சென்ற யாம், ஆங்குக் கழுவுதற்கெனக் குவிந்துகிடந்த கலங்களைக் கண்டு, ஏனோ அவற்றை எண்ணத் தொடங்கினோம். 31 இருந்தன. அவற்றின் நடுவே அன்னையார் ஒரு முக்காலியில் அமர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் உண்ணவில்லையோ என்று வினவினோம். பசி கெட்டுப்போயிற்று, மோர் இருந்தாற் போதும் என்றார். மோர் தீர்ந்திருந்தது. அதனைக் குடித்துத் தீர்த்தவர் யாமே.

அப்பொழுது ஆங்கு வந்த எம் ஆச்சி நீண்ட அறிவுரை யாதும் கூறினாரல்லர். “ஏலே, நீங்க நாலு பேரும் தின்னாச்சு. ஒங்க அம்மைக்கும் பசிக்கும்லா?” என்று ஒன்றே கேட்டார். எழுத்தும் சொல்லும் பொருளும் பயிலும் எமக்கு அவ்வொரு வினாவிற்கு விடை தோன்றவில்லை.

அன்று மாலை எம் நினைவிற்கு வந்தது கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167ஆம் பாட்டு. மணம்புரிந்து புதிதாக இல்லறம் நடத்தும் இளமகள் ஒருத்தி முற்றிய தயிரைத் தன் மெல்விரலாற் பிசைகின்றாள். அவ்விரலை உடையிலே துடைத்துக்கொள்கின்றாள். தாளிதத்தின் புகை அவள் கண்ணிற் படிகின்றது. தானே துழாவி ஆக்கிய புளிக்குழம்பைக் கணவன் சுவையுடைத்தென உண்ண, அவள் முகம் மெல்லிதாக மலர்கின்றது. அம்முகமலர்ச்சியின் நயத்தைப்பற்றி யாம் தேர்வுத் தாளில் ஒரு பக்கம் நிரம்ப எழுதினோம். அவள் கண்ணிற் படிந்த புகையைப்பற்றி ஒரு வரியும் எழுதினோமல்லோம். புலவர் புகையை மறைத்தாரல்லர். பாட்டின் நடுவிலேயே வைத்துச் சென்றார். கண்டும் காணாது போனவர் நாமே.

அப்புகை இக்காலத்திற் பெரிதும் குறைந்துவருகின்றது என்பது உண்மை. 2016ஆம் ஆண்டு மே திங்களில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் நாடெங்கும் ஏழை மகளிர் பலர்க்கு எரிவாயு இணைப்புக் கிடைத்தது. அது பெருநன்மையே. ஆயினும் புகை போனதுபோல் வெம்மை போயிற்றில்லை, வேலையும் போயிற்றில்லை. 2019ஆம் ஆண்டில் இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகத்தார் மக்கள் தம் நேரத்தைச் செலவிடுமாற்றைக் கணக்கெடுத்தனர். ஆறு அகவையும் அதற்கு மேலும் உடையாருள், தம் வீட்டாருக்காக ஊதியமின்றி வீட்டுவேலை செய்யும் பெண்டிர் நூற்றுக்கு 81 பேர். ஆடவர் 26 பேர். அங்ஙனம் செய்யும் பெண்டிர் அதற்கெனச் செலவிட்ட நேரம் நாளொன்றுக்கு 299 நிமிடம். ஆடவர் செலவிட்டது 97 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணிநேரம்! கத்திரி வெயிலுக்கென இக்கணக்கில் விடுமுறை இல்லை. நாம் வீடு சேர்வதால் அது கூடுமேயன்றிக் குறையாது.

நிற்க. மறுநாள் அடுக்களையாட்சி எம் ஆச்சியின் கைக்கு மாறிற்று. முந்தைய இரவு சோறு வடிக்கும்போதே வேண்டிய அளவினும் கூடுதலாகப் புழுங்கலரிசி உலையிலிட்டிருந்தார். அச்சோற்றை ஆறவிட்டு, மண்பானையிற் பெய்து, மூழ்க நீர் வார்த்து மூடிவைத்தார். இரவுணவிற்கென மூட்டிய தீயே மறுநாள் நண்பகலுக்கும் பயன்பட்டது. காலையிற் காணத்தை வறுத்து, மிளகாய் வற்றலும் பூண்டும் தேங்காயும் புளியும் உப்பும் கூட்டித் துவையல் அரைத்தார். 7 மணிக்கு அடுப்பு அணைந்தது. அதன்பின் அன்று நண்பகல்வரை அவ்வீட்டில் தீ இல்லை.

எம் நால்வர்க்கும் பணி பகுத்தளிக்கப்பட்டது. ஒருவர் சின்ன வெங்காயம் உரித்தார். ஒருவர் வெள்ளரிப்பிஞ்சு அரிந்தார். ஒருவர் பனங்காட்டிற்குச் சென்று நுங்குக்குலை வாங்கிவந்தார். யாம் கொல்லையில் இலையறுத்துக் கழுவினோம். வேப்பமர நிழலில் தரைக்கு நீர் தெளித்துப் பாய் விரித்தோம். நுனி இடப்பக்கம் அமைய இலைகளை வரிசைப்படுத்தினோம்.

அவ்விருந்தின் அழகை இன்றும் யாம் மறந்திலோம். பச்சையிலையின் நடுவே பிழிந்து வைத்த வெண்சோறு, அதன்மேற் பெய்த மோர், அருகே செந்நீல வெங்காயம், மண்ணிறத் துவையல், மாவடு ஒன்று, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்க் கீற்று, தனியே ஒரு கிண்ணத்திற் கண்ணாடிபோல் நடுங்கும் நுங்கு. சோற்றைப் பிழிந்தெடுத்த நீராகாரம் மண்குவளையிற் குளிர்ந்திருந்தது. முதல்நாள் இலையில் எட்டுவகை இருந்தும் ஒன்றும் கண்ணிற் பட்டதில்லை, இந்நாள் வகை குறைவாயினும் ஒவ்வொன்றும் தனித்தனியே கண்ணிற் பட்டது, நாவிலும் பட்டது. உண்டபின் இலைகளை மடித்து ஆட்டின்முன் இட்டோம். கழுவவேண்டிய கலங்களை எண்ணினோம். 9 இருந்தன. அவற்றையும் யாமே கழுவினோம்.

இவையெல்லாவற்றினும் பெரியது ஒன்று. அன்று எம் அன்னையார் எம்மோடு ஒருங்கமர்ந்து உண்டார். விருந்தினர் வந்த நாளில் அவர் அங்ஙனம் உண்ணக் கண்டது எமக்கு அதுவே முதன்முறை.

உண்ணும்போது தோழருள் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு செய்தி சொன்னார். தம் இல்லத்தில் நாள்தோறும் காலையுணவு பழஞ்சோறே என்றும், விடுதியிற் பிறர் தத்தம் வீட்டு உணவைப்பற்றிப் பேசுங்கால் அதனைச் சொல்ல நாணி, இட்டலி என்றே இரண்டாண்டாகச் சொல்லிவந்ததாகவும் கூறினார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். ஆயினும் அச்சிரிப்பு எம்முள்ளே நெடுநேரம் தைத்தது. நம் அன்னையரை நண்பகல்வரை அடுப்பின்முன் நிறுத்துவது பசியன்று, நாணமே. இவ்வளவுதானா என்று வந்தவர் நினைப்பரோ என்னும் அச்சத்திற்காகவே அவியலும் பாயசமும் ஆக்கப்படுகின்றன. ஆகலின் அடுப்பைக் குறைக்க விரும்புவோர் முதற்கண் குறைக்கவேண்டுவது அந்நாணத்தையே.

பழஞ்சோறு ஏழையர் உணவன்றோ, வறியோர் வேறு வழியின்றி உண்டதனைப் பாங்குடைய விருந்தெனப் போற்றுதல் முறையோ என்று ஒரு தடை எழலாம். அத்தடை நேர்மையானது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு காட்சி தீட்டுகின்றார். வலிய கையால் தொழில்செய்வாருடைய சிறுவர் பழஞ்சோற்றை வெறுத்து, குடிசை முற்றத்தில் அவல் இடிக்கின்றனர். அவ்வுலக்கையோசை கேட்டு அயலிலுள்ள கிளிகள் அஞ்சுகின்றன. பழஞ்சோற்றிற்கு ஈராயிரம் ஆண்டளவான பழமை உண்டென்று மகிழ்பவர், அதனை நாள்தோறும் உண்டு சலித்த சிறுவரையும் அப்பாட்டிலேயே காண்டல் வேண்டும். வறுமையை அழகென்று பாடுதல் எம் நோக்கமன்று. வேறின்மையால் உண்பது வேறு. விரும்பித் தேர்ந்து உண்பது வேறு. ஆயினும் வறியார் உண்டதென்னும் ஒன்றனாலேயே ஓர் உணவை இழிந்ததென்பது, அதனை உண்டவரையும் இழிந்தவரெனக் கூறுவதாய் முடியும். எம் தோழரை இரண்டாண்டு பொய்யுரைக்கச் செய்தது அக்கூற்றே. அன்றியும், அச்சிறுவர் பழஞ்சோற்றை விடுத்து நாடிய அவலும் உண்ணும்போது தீ வேண்டாத உணவேயாதல் கருதத்தக்கது.

இனி, தீ வேண்டாத உணவு எங்ஙனம் அமையும் என்பதைச் சுருங்கச் சொல்லுவோம். அதற்கு வழிகள் மூன்று: புளித்தல், ஊறுதல், கலத்தல்.

புளித்தலுக்குப் பழஞ்சோறே சான்று. நீரில் இட்ட சோற்றில், பாலைத் தயிராக்குவனவற்றை ஒத்த நுண்ணுயிர்கள் இரவு முழுதும் தொழில்செய்கின்றன. நாம் உறங்குங்கால் அவை சமைக்கின்றன எனலாம். அவை தோற்றுவிக்கும் இலாக்டிக் அமிலமே மெல்லிய புளிப்பைத் தருவது. மெருகிடாத மண்பானையின் நுண்டுளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளிருப்பது குளிர்கின்றது. ஆனால் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. சோற்றை வெதுவெதுப்பாகவே நெடுநேரம் வாளா கிடக்கவிட்டுப் பின்னர் நீர் ஊற்றுதல் தீங்கு. ஆறியவுடன் நீரில் மூழ்கச் செய்தல் வேண்டும். கலமும் நீரும் தூயனவாதல் வேண்டும். கடுவெயிற் காலத்திற் புளிப்பு விரைந்து ஏறுமாதலின் மறுநாள் நண்பகலுக்குள் உண்டு முடித்தல் வேண்டும். மணம் மாறியதைக் கொட்டிவிடுதலே அறிவுடைமை. எளிமை வேறு, சோம்பல் வேறு.

ஊறுதலுக்கு அவலும் பாசிப்பருப்பும் துணை. மெல்லிய அவல் சிறிது நேரத்திற்குள் ஊறிவிடும். அதனைத் தயிரும் உப்பும் இட்டுப் பிசையலாம். அன்றித் தேங்காய்த் துருவலும் கருப்பட்டித் தூளும் வாழைப்பழமும் கூட்டலாம். எம் பக்கத்து உடன்குடிக் கருப்பட்டி இதற்கென்றே அமைந்ததுபோலும். பாசிப்பருப்பை ஓரிரு மணிநேரம் நீரில் ஊறவிட்டு வடித்து, வெள்ளரித் துருவலும் மாங்காயும் எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்தால் அது வடபருப்பு. பங்குனித் திங்களில் இராமநவமி கொண்டாடும் இல்லங்களில் இதனையும் பானகத்தையும் நீர்மோரையும் வழங்குவர். அம்மூன்றும் தீயின்றி அமைவன. வெயில் முதிரும் பருவத்து விழாவிற்கு அடுப்பெரியா உணவை வகுத்தவர் காலமறிந்தவரே.

கலத்தலுக்கு எல்லையில்லை. மோரில் இஞ்சியும் கறிவேப்பிலையும் பெருங்காயமும்; கருப்பட்டி கரைத்த நீரில் எலுமிச்சையும் சுக்கும் ஏலமும்; தயிரில் வெள்ளரியும் வெங்காயமும். காலையில் வடித்த சோறாயின் தயிரும் சிறிது பாலும் விட்டுப் பிசைந்து வைத்தால் நண்பகல்வரை புளியாது. பனைநாட்டார்க்கு இவற்றோடு நுங்கும் பதநீரும் உண்டு. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியமையால் கள்ளாய் மாறாத பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றி, அதனுள் நுங்கையும் இட்டுக் குடிப்பவனுக்குக் கிண்ணமும் வேண்டா, கரண்டியும் வேண்டா. குடித்தபின் கழுவவும் வேண்டா.

இவ்வுணவிற்குத் துணைநிற்பனவற்றை ஆக்கும் அடுப்பு ஒன்று வானத்தே உளது. மோர்மிளகாயும் வடகமும் கொத்தவரை வற்றலும் பங்குனி சித்திரை வெயிலிலேயே உலர்கின்றன. யாரை நாம் பகையெனக் கொள்கின்றோமோ அக்கதிரவனே நமக்கு ஆண்டு முழுதுக்கும் தொடுகறி ஆக்கித் தருகின்றான். அவற்றைப் பொரித்தெடுக்கச் சில நொடிநேரத் தீ போதும்.

பாங்கு எங்கே என்பீராயின், அது விலையில் இல்லை, ஒழுங்கில் உளது. இலையைக் கழுவித் துடைத்து இடுதல், நிறம் மாறி நிறம் அமையப் பரிமாறுதல், பானையைச் சுற்றி ஈரத்துணி இடுதல், நிழல் நோக்கி இடம் தேர்தல், எல்லோரும் ஒருங்கே அமர்தல் ஆகிய இவையே பாங்கு. இவற்றுள் ஒன்றற்கும் தீ வேண்டுவதில்லை.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, கைப்பேசியிற் கடையுணவைப் பணித்தால் வாயிலுக்கே வந்து சேருமே, அடுப்பும் இல்லை, கலமும் இல்லையே என்பார் நகரத்து அன்பர். அங்கும் எம் அளவுகோல் அதுவே: ஆக்கியவரையும் கொணர்ந்தவரையும் கேளுங்கள். கடையின் அடுக்களையில் ஒருவர் வெந்தார். 1 மணி வெயிலில் ஈருருளியில் ஒருவர் விரைந்தார். உண்டபின் எஞ்சிய நெகிழிப் பெட்டிகளைத் தெருவில் மற்றொருவர் பொறுக்குவார். அது உழைப்பைக் குறைத்ததன்று. நம் கண்ணுக்குத் தெரியாத இடத்திற்கு மாற்றியதே. நோயுற்ற வீட்டிற்கும் தனித்து வாழ்வார்க்கும் அது துணையாகலாம். அதனை யாம் பழியேம். எளிமைக்கு அதுவே வழியென்று கூறுதலை மட்டும் ஒப்பேம். மெய்யான எளிமை உழைப்பைப் பிறர் தலையில் ஏற்றாது, உழைப்பையே குறைக்கும்.

விருந்தோம்பல் தமிழர் தலையாய அறமாயிற்றே, வந்தவர்க்குப் பழஞ்சோறு இடுவதோ என்பார்க்கும் ஒரு சொல். திருக்குறளின் 9ஆம் அதிகாரம் விருந்தோம்பல். அதன் இறுதியில் வள்ளுவர், அனிச்சமலர் மோந்தால் வாடுவதையும், விருந்தினர் முகம் மாறுபட்டு நோக்கின் வாடுவதையும் ஒப்புநோக்கிக் காட்டுகின்றார். விருந்தின் உயிரை அவர் கறிகளின் தொகையில் வைத்தாரல்லர். இடுவாரது முகத்தில் வைத்தார். அங்ஙனமாயின் ஒன்பது மணிநேரம் தீயின்முன் நின்ற முகத்தை மலர்க என்று கேட்டல் நேர்மையாகுமோ? கறியைக் குறைத்து முகத்தைக் காப்பவரே வள்ளுவர் வழிநிற்பவர் என்பது எம் துணிபு. திருமணத்தும் திருநாளிலும் பலர் கூடிப் பலர் உழைத்து ஆக்கும் பெருவிருந்தை யாம் மறுக்கவில்லை. ஒருவரே நின்று ஆக்கும் அன்றாட விருந்தைப்பற்றியதே எம் வழக்கு.

கிறிஸ்தவ இல்லத்திற் பிறந்த எமக்கு லூக்கா சுவிசேஷத்து மார்த்தாளும் ஈண்டு நினைவிற்கு வருகின்றாள். பற்பல பணிகளாற் கவலையுற்ற அவளைக் குறைகூறும் பிரசங்கங்களை இளமைதொட்டுக் கேட்டிருக்கின்றோம். அவற்றைக் கேட்ட பின்னர் வீடு சென்று, நண்பகலுணவு ஏன் இன்னும் ஆகவில்லை என்று எம் அன்னையாரை வினவியும் இருக்கின்றோம். மார்த்தாளின் பணியைக் குறைக்க விரும்புவோர் அவளுக்கு அறிவுரை கூறினாற் போதாது. தம் பசியின் ஆரவாரத்தையும் குறைத்துக்கொள்ளல் வேண்டும்.

இறுதியாக, கலம் கழுவுதலைப்பற்றி. இக்கட்டுரையைப் படிக்கும் தோழர் பலர், உணவை எளிதாக்குதல் வீட்டிலுள்ள பெண்டிர் செய்யவேண்டிய சீர்திருத்தம் என்று எண்ணக்கூடும். அன்று. அது உண்பவன் வாயிலிருந்து தொடங்கவேண்டிய சீர்திருத்தம். “இன்று இதுவே போதும்” என்னும் சொல்லை அன்னை சொன்னால் அது குறையாகத் தோன்றும்; மகன் சொன்னால் அது விடுதலையாகும். அச்சொல்லைச் சொன்னபின் தன் இலையைத் தான் எடுப்பதும், தன் கலத்தைத் தான் கழுவுவதும், பானையில் நீர் நிரப்பி வைப்பதும் இயல்பாகவே தொடரும். 31 கலங்களை 9 ஆக்கியவர் எம் ஆச்சி. அவ்வொன்பதையும் கழுவ எம் கைகள் எட்டு இருந்தன. அக்கைகள் முதல்நாளும் இருந்தனவே!

இம்மலர் அன்பர் கைகளிற் சேரும்போது மற்றொரு வேனில் விடுமுறை அணித்தாயிருக்கும். பெட்டியைக் கட்டும் தோழர்களே! வீடு சேர்ந்த முதல்நாள், என்ன வேண்டும் என்று அன்னையர் கேட்பர். நாவில் வரும் பட்டியலைச் சற்றே நிறுத்துங்கள். பானையில் நீரிட்ட சோறும், உரித்த வெங்காயமும், அவர்கள் அருகே அமர ஓர் இலையும் போதும் என்று கூறிப் பாருங்கள். முதலில் அவர்கள் நம்பமாட்டார்கள். நகையாடுகின்றான் என்றே கொள்வர். நாம் வெங்காயம் உரிக்க அமர்ந்தபின்னரே நம்புவர்.